மழுங்கிய கோடரி ஒன்று

பனிக்காலத்தின் கடைசி வாரம்
சோயா ஏற்றிவந்த லாரி சறுக்கி
டீகார்டன் கோட்டைப் பலகையைச் சாய்த்துவிட்டது.
வார்ப்பிரும்பு. இரண்டாய்ப் பிளந்தது,
'முதல் குடியேறிகள்' முடிந்து
'ஆளில்லாக் காடு' தொடங்கும் இடத்தில்.

கென்டக்கி நெடுஞ்சாலைத் துறை புதிதாய் வார்த்துத் தரும்.
வாசகம் மட்டும் மாவட்டத்தின் பொறுப்பு,
அறுபது சொல்லுக்கு மிகாமல்.

ஆவண அறையில் வில்டா க்ரேபில்
கோப்புகளை இறக்குகிறாள்.
கையுறை போட்டால் தாளின் கனம் தெரியாது என்பாள்.
ஆயிரத்து எழுநூற்று எண்பதுகளின் ஓர் ஆகஸ்டில்
ஒஹாயோ ஆற்றைக் கடந்துபோன குடிப்படையினர்
திரும்பிவந்து கேட்ட நட்ட ஈடுகள்:

செம்பழுப்புக் குதிரை ஒன்று, ஆற்றோடு போனது.
செம்புக் கெண்டி ஒன்று.
போர்வை இரண்டு; ஒன்றில் முன்பே ஓட்டை இருந்ததைக்
கேட்டவனே ஒப்புக்கொண்டிருக்கிறான்.
அப்புறம்
எனோஸ் டீகார்டன், கோடரி ஒன்று,
மக்காச்சோளம் வெட்டி மழுங்கியது, நான்கு ஷில்லிங்.

வில்டாவின் விரல் அங்கேயே நின்றுவிட்டது.
சோளத்தட்டை வெட்டிக்
கோடரி மழுங்குமா?
எத்தனை வயல் வெட்டினால் மழுங்கும்?

ஆகஸ்டில் கதிர் பால் பிடித்திருக்கும்.
பச்சைப் பயிர் தீக்குப் பிடிகொடுக்காது.
அதனால் வெட்டியிருக்கிறார்கள்,
குவித்து, இரண்டு நாள் வெயிலில் வாட்டி,
பிறகு கொள்ளி.
காட்டு விளிம்பில் குப்புறப் படுத்து
அந்த இரண்டு நாளும் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
அந்தக் குளிர்காலம் எதைத் தின்றார்கள்,
அதற்குக் கணக்கில் வரி இல்லை.

என் மொழியில் இதற்கு ஒரு துறையே உண்டு,
உழபுல வஞ்சி.
பகைவன் விளைநிலம் எரித்த மன்னனை
வாயாரப் புகழ்வது.
எரிந்த வயலுக்கு உரியவள் பாட
எந்தத் துறை என்று எனக்குத் தெரியவில்லை.

தீயணைப்பு நிலைய மாடியில் குழு கூடியது,
ஆறிய காப்பியோடு.
ரஸ்ஸல் டீகார்டன் கோடரியையே கொண்டுவந்திருந்தார்,
குளியல் துண்டில் சுற்றி.
ஏழெட்டுத் தலைமுறையாய்க் கணப்படுப்பின் மேல் தொங்கியது.
கரடியைக் கொன்ற கோடரி என்பது வீட்டுக் கதை.
வில்டா வரியைப் படித்து முடித்தபின்
விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.
"அப்போ கரடி இல்லையா"
என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஓக்லஹோமாவிலிருந்து ஷானி மக்கள் சார்பாகப்
பதினான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்த
மார்வா க்ரீன்ஃபெதர்
மன்னிப்பும் கேட்கவில்லை, நிலமும் கேட்கவில்லை.
"எத்தனை சொல் என்றீர்கள்?"
"அறுபது."
"அதில் ஒன்று எங்கள் ஊர்ப்பெயராக இருக்கட்டும்."
சொன்னாள்.
எழுதத் தெரியாமல் எழுத்துக்கூட்டச் சொன்னார்கள்.
கூட்டினாள்.
செயலாளர் அடித்தார், திருத்தினார்,
மறுபடி கேட்டார்.
மறுபடி கூட்டினாள்,
வங்கியில் கணக்கு எண் சொல்பவளின் பொறுமையோடு.

'போர்' என்பதா 'எரிப்பு' என்பதா
என்று வாக்கெடுப்பு. ஐந்துக்கு ஐந்து.
ரஸ்ஸல் கை தூக்கவில்லை,
இரண்டு கையிலும் கோடரி இருந்தது.

ஜூலை வந்துவிட்டது. கம்பம் மட்டும் நிற்கிறது.
பயணிகள் காரை நிறுத்தி இறங்கி
வெறுங்கம்பத்தைச் சுற்றிவருகிறார்கள்,
பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.
பின்பக்கம்
சாலையோரப் புல்லிலிருந்து குன்றின் அடிவரை
ரஸ்ஸலின் மக்காச்சோளம்.
பால் பிடிக்க இன்னும் மூன்று வாரம்.